அப்பாவின் சதுரம்

என் மகள் அன்று சோபாவில் உட்கார்ந்திருந்த விதத்தை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். முழங்கால்களை மார்போடு சேர்த்து, நெற்றியை அவற்றின்மேல் வைத்து, இரண்டு கைகளையும் விலாவுக்குக் கீழே அமுக்கிக்கொண்டு, சுருட்டி மூலையில் வைத்த பாயைப் போல இருந்தாள். பதினோரு வயது. படுத்துக்கொள் கண்ணு என்றேன்.

"படுத்தா முதுகுக்குள்ள போகுதும்மா. குனிஞ்சாத்தான் தேவலை."

அப்படித்தான் அப்பா உட்கார்வார். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் அவருக்கு எடை போடுகிற வேலை. மலையிலிருந்து இறங்கிய லாரி ஒன்று காலியாகி அடுத்தது வந்து நிற்பதற்குள், மூட்டைகளின் மேல் அதேபோல் மடங்கிவிடுவார். செம்மண் அப்பிய சாக்கு, கிழங்கின் ஈர வாசனை, நடுவில் பாதியாகிவிட்ட அப்பா. மண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே கடந்து போவார்கள்.

"ஏனுங்க, நேத்து ஜாஸ்தியாப் போச்சாட்ட இருக்குதுங்க?"

அப்பா தலையைத் தூக்காமல் சொல்வார். "ஆமாங்க. கொஞ்சம் ஜாஸ்திதானுங்க."

அப்பா குடிகாரர். இது மண்டிக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சமையலறை அலமாரியில், அரிசிப் பானைக்குப் பின்னால், ஒரு பிராந்திப் புட்டி எப்போதும் இருந்தது. பத்தாவது படிக்கும்போது ஒருநாள், தாவணி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். அப்பா பார்த்தார். மறுநாள் அதே இடத்தில், அதே அளவுக்கு, புட்டி நிறைந்திருந்தது. அன்றிலிருந்து அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். குறைந்த பேச்சு பிறகு கூடவே இல்லை. என் மகள் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் அவர் போனார். சர்க்கரை ஏறி, எடை இறங்கி, சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியாமல் போனார்.

ஆகவே சோபாவில் மகள் மடங்கியிருந்தபோது, "அவங்க அப்புச்சியாட்டவே உக்காந்திருக்கிறா பாருங்க" என்று கணவரிடம் சொன்னேன். காதுமடல் தாத்தாவைப் போல என்று சொல்வோமே, அந்த மாதிரி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் முறை அந்த வலி வந்தது ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள். சூடு என்று முடிவு செய்து வெந்தயமும் மோரும் கொடுத்தேன். இரண்டு நாளில் பள்ளிக்கூடம் போய்விட்டாள். இரண்டாவது முறை வாந்தி நிற்கவில்லை. கணவர் பம்புப் பட்டறையிலிருந்து கையில் கிரீஸோடு ஓடிவந்தார். அந்தக் கறுப்பு விரல்கள் ஐந்தும் பிள்ளையின் யூனிஃபார்மில் பதிந்தன. துவைத்தும் போகவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என் வயதுப் பெண்மணி, வேகமாகப் பேசுகிறவர், பேசும்போதே தாளில் கிறுக்குகிறவர். "கணையத்துல வீக்கம்" என்றார்.

கணையம். எத்தனையோ வருடமாகக் கதை எழுதுகிறேன். இதயத்தை எழுதியிருக்கிறேன், கண்ணை, கருப்பையை, கை ரேகையை எழுதியிருக்கிறேன். இந்தச் சொல்லை ஒரு முறைகூட எழுதியதில்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்கே கிடக்கிற ஒரு மாவிலை. சோற்றைச் செரிக்கிற நீரை அது சுரக்கிறது. அந்த நீர் குடலுக்குப் போய்ச் சேரும்வரை தூங்கிக்கொண்டே போகவேண்டும். சிலருக்கு அது பாதி வழியில் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் தான் பிறந்த வீட்டையே செரிக்கத் தொடங்குகிறது.

பம்பில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற வால்வை வைத்து, கணவர் இதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். "அப்படீன்னா ஃபுட் வால்வு சரியில்லைங்களா?"

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

"வால்வு மாத்த முடியாதுங்களா?"

"அது முடியாதுங்க. மோட்டாரைப் பாத்துப் பக்குவமா ஓட்டலாம்."

பிறகு அவர் ஒரு புதுத் தாளை எடுத்தார். இந்த வயதில் இது வந்தால் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று பார்ப்பார்களாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். வலி உள்ளவர்களைப் பேனாவால் நிரப்பவேண்டும். அடியில் ஒரு வட்டம் போட்டு நிரப்பினார். அது என் மகள். அதற்கு மேலே என் வட்டம். எனக்கு வாழ்நாளில் வயிற்று வலியே வந்ததில்லை, காலியாக விட்டார். பக்கத்தில் கணவரின் சதுரம், அதுவும் காலி. எனக்கு மேலே இரண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து என்னருகில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு வட்டம். அப்பா ஒரு சதுரம்.

"உங்கப்பாவுக்கு வயித்து வலி இருந்துச்சுங்களா?"

"அப்பா குடிப்பாருங்க" என்றேன். "குனிஞ்சுட்டுத்தான் உக்காந்திருப்பாரு. அது குடியால."

டாக்டரின் பேனா நின்றது. அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. வயித்தப் புடிச்சுட்டு அவதிப்படுவாருங்களா?"

அம்மா மடியில் இருந்த துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "இல்லீங்க. அவருக்குக் குடி மட்டுந்தானுங்க."

"அவர் கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சிங்க. ஆனைமலைல. நல்லா இருக்கறாங்க."

சதுரம் காலியாகவே நின்றது. அப்படியானால் வேறு காரணம் தேடவேண்டும் என்றார் டாக்டர். பித்தப்பையில் கொஞ்சம் கசடு தெரிந்தது; அதுதான் வழியை அடைக்கிறதோ என்னவோ, எடுத்துவிடுவது நல்லது. இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை. சின்ன ஓட்டைகள்தான், பயப்படாதீங்க என்றார். மகளின் வயிறு என் இரண்டு கை அகலம்கூட இல்லை. அதில் எந்த ஓட்டை சின்னது?

ஆனைமலை அத்தை நல்லா இருக்கிறாள் என்று அம்மா சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அத்தை எங்கள் வீட்டில் கை நனைத்து இருபத்தொரு வருடம். என் கல்யாண விருந்தில் சாப்பிட்டு எழுந்தவள் சாயங்காலத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தலிலேயே விழுந்தாள். அண்ணி, அதாவது என் அம்மா, சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டாள் என்று அன்றே முடிவு கட்டினாள். அவள் ஊரில் மாசாணியம்மன் இருக்கிறாள். அநியாயம் செய்தவருக்குத் தண்டனை கேட்டு, கோயில் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவது அங்கே வழக்கம். வலி வரும்போதெல்லாம் அத்தை போய் மிளகாய் அரைத்தாள். செய்தி பஸ் ஏறி எங்களுக்கு வந்து சேரும். அப்பா சாவுக்கு வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். எனக்கு அது பகை; நோய் என்று தோன்றவே இல்லை.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். பள்ளியிலிருந்து வந்த மகளுக்கு லேசாக வலி. டாக்டருக்கு போன் செய்தேன். கொடுத்த மாத்திரையைக் கொடுங்கள், கூடினால் உடனே வாருங்கள் என்றார். நான் வழக்கம்போல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வாசல், சமையலறை, வாசல். எனக்கு நிற்கத் தெரியாது.

அம்மா நடக்கவில்லை. தலையணையை நெடுக்கில் மடித்து மகளின் மடியில் வைத்து அவளை அதன்மேல் சாய்த்தாள். அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துத் தவிட்டை வறுத்தாள். துணியில் முடிந்தாள். தன் மணிக்கட்டில் ஒரு முறை வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு அதை வயிற்றில் வைக்காமல், முதுகில், இடப்பக்கம், விலா முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, தேடாமல் கொண்டுபோய் வைத்தாள். பூட்டுத் துவாரத்தைப் பார்க்காமலேயே சாவி போடுகிறவர்களைப் போல.

"மூச்சை இழுக்காத சாமி. ஊது. டீயை ஆத்தற மாதிரி மெதுவா ஊது."

மகள் ஊதினாள். அவள் தோள் இறங்கியது. எனக்கோ அந்த வாசனை உள்ளே போய் எதையோ தட்டியது. வறுத்த தவிடு. சாத்திய கதவு. கதவுக்குப் பின்னால் அப்பா. குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போன எத்தனையோ சாயங்காலங்கள்.

"முதுகுலதான் வெக்கோணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மாவின் கை நின்றது. மூட்டையை எடுக்கவில்லை, அமுக்கவும் இல்லை.

"உங்கப்பனுக்கு இருவது வருசத்துக்கு மேல வெச்சிருக்கறேன்."

"குடிச்சதுக்கா?"

"அவரு குடிக்கல கண்ணு. ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."

"புட்டி இருந்துச்சே."

"அதுல டீத்தண்ணி" என்றாள் அம்மா. "வாரத்துக்கு ஒருக்கா மாத்தோணும். இல்லீன்னா பூசணம் புடிச்சுக்கும்."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை, இருந்தது.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், இது கணையம், குடிக்கிறவர்களுக்கு வரும், நீங்கள் குடிப்பதில்லை என்றால் வம்சத்தில் இருக்கலாம் என்று. வம்சத்தில் இருந்தது. அப்பாவின் அப்பாவும் மடங்கியபடியேதான் போனாராம். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா வாய் திறக்கவில்லை.

"காரமடை வர்றதுக்குள்ள முடிவு பண்ணிப்போட்டாரு" என்றாள் அம்மா. "குடிகாரன் புள்ளைன்னா கட்டிக்குவாங்க. சீக்காளி வம்சம்னா ஒருத்தனும் வாசப்படி ஏறமாட்டான். எனக்கு ஒத்தப் பொண்ணு, குடிகாரன்னே இருந்துட்டுப் போறேன்னாரு. அந்தப் புட்டிய எங்கியோ பொறுக்கிட்டு வந்தாரு. நான் புளி போட்டுக் கழுவுனேன்."

கல்யாணத்துக்கு முன்னால் என் மாமனார் மண்டியில் போய் விசாரித்தார். கொஞ்சம் குடிப்பாருங்க, மத்தபடி தங்கமான மனுசனுங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அது போதுமாக இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி என் கணவர் இன்றுவரை என்னைக் கேலி செய்வார். அது அப்பாவே எழுதி, அப்பாவே நடித்த நாடகம்.

நான் அன்று மூக்கைப் பொத்தியிருந்தேன். கையை எடுத்து ஒரு தடவை மோந்திருந்தால் டீ வாசனை வந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியில கேட்டப்பக்கூட ஏம்மா சொல்லல?"

அம்மா மகளைப் பார்த்தாள். "இவளும் பொட்டப்புள்ளதான கண்ணு. நாளைக்கு இவளையும் கேட்டு வருவாங்க."

தலையணையில் முகம் புதைத்தபடியே மகள் பேசினாள். அவள் தூங்கவில்லை. "அமுச்சி, என்னைய யாரும் கேட்டு வரவேண்டாம். வயித்தக் கிழிக்காம இருந்தாப் போதும்."

அமுச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவள். அவள் தவிட்டு மூட்டையை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "நாளைக்குக் காத்தால போலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரின் அறையில் எனக்குப் பேச வேலை இல்லை. "அம்மிணி, அன்னிக்குப் போட்ட தாள் இருக்குதுங்களா?" என்று அம்மாவே கேட்டாள். ஃபைலில் இருந்தது. "அந்தச் சதுரத்த நெரப்பிப்போடுங்க" என்றாள்.

டாக்டர் கேள்வி கேட்காமல் நிரப்பினார். நீல மை. ஓரம் விடாமல், மூலை விடாமல். அப்பாவுக்கு அவ்வளவு கவனமாக யாரும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அதற்கு மேலே இன்னொரு சதுரம், அப்பாவின் அப்பாவுக்கு. பிறகு அம்மா சற்று நிறுத்தினாள்.

"ஆனைமலைல ஒரு வட்டமுங்க. நல்லா இருக்கறாங்கன்னு சொன்னேனுங்க. இல்லீங்க."

மூன்று தலைமுறை கடந்து நான்காவதில் என் மகள். டாக்டர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "பித்தப்பை இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "வியாழக்கிழமை வேண்டாம். மொதல்ல மரபணு பாக்கலாம்."

"நான் முந்தியே சொல்லியிருந்தா புள்ளைக்கு வலி வராம இருந்திருக்குமுங்களா?" அம்மா கேட்டாள்.

"வலி வந்திருக்குமுங்கம்மா. ஆபரேஷன் தேதி வந்திருக்காது."

ரிசல்ட் வரச் சில வாரங்கள் ஆயின. மரபணுக் கோளாறு மகளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. அப்பாவிடமிருந்து என் வழியாக அவளுக்குப் போயிருக்கிறது. நான் வாய்க்கால், தண்ணீர் ஓடியிருக்கிறது, கரை நனையவில்லை. சிலருக்கு அப்படி, வலிக்காமலே சுமப்பார்கள் என்றார் டாக்டர். என் வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியை நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எனக்குக் கொடுத்ததில் நான் திருப்பிக் கொடுக்காத ஒன்று.

மருந்தால் இதை வேரோடு எடுக்க முடியாது. அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் இந்த வயதில் தெரிந்துகொண்டது பெரிய வசதி என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடவேண்டும். எண்ணெயும் நெய்யும் அளவாக. தண்ணீர் நிறைய. சோற்றோடு ஒரு கேப்ஸ்யூல். சிகரெட், மது இரண்டும் என்றைக்கும் கூடாது. வருடாவருடம் பார்த்துக்கொள்ளவேண்டும், கல் அடைத்தால் குழாய் விட்டே எடுக்கலாம், சர்க்கரை வந்தால் அதற்கும் வழி உண்டு. இதில் எதுவுமே அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது தவிடு.

மகள் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் எத்தனை ஸ்பூன் என்று பேரம் பேசினாள். அரை ஸ்பூனில் முடிந்தது. கணவர் எவர்சில்வர் டப்பா ஒன்றைப் பட்டறையில் கடைந்து கொண்டுவந்தார், கேப்ஸ்யூல் வைக்க. மூடியில் மரை போட்டிருந்தார். தண்ணீர் புகாது, கேரண்டி என்றார். பள்ளியில் கேட்டவர்களிடம் மகள், "என்ற மோட்டாருக்கு ஆயில்" என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் நானும் கோயமுத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சியில் மாறி ஆனைமலை. அம்மா ஜன்னலோரம் பழப்பையை அணைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளையைப் போல உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள்.

அத்தை கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அப்பாவின் கடைசி வருடத்துச் சட்டையைப் போல ரவிக்கை தோளில் தொங்கியது. "வா கண்ணு" என்று என்னைச் சொன்னாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "வாங்க நங்கை" என்றாள். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதிரியாக இருந்தாலும் அந்த மரியாதை குறையாது.

அம்மா வாசற்படி ஏறவில்லை. "உங்கண்ணன் குடிக்கல அம்மிணி. உனக்கு வர்ற வலிதான் அவருக்கும். கல்யாணத்தன்னிக்கே எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். பந்தல்ல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நின்னாங்க. வாயைத் தொறக்கல."

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தென்னை மட்டை ஒன்று தோப்பில் எங்கோ விழுந்தது.

"அப்ப நீங்க மருந்து வெக்கலீங்க."

"அன்னிக்குப் பாயசத்துக்கு முந்திரியே பத்தல. மருந்துக்கு எங்க போறது?"

"இத்தன வருசமா உங்களுக்குத்தானுங்க மொளகா அரைச்சேன்."

"கேள்விப்பட்டேன்."

"ஒண்ணும் ஆகலீங்களா உங்களுக்கு?"

"மூட்டுவலி இருக்குது."

"அது நான் கேக்கலீங்க" என்றாள் அத்தை. முதலில் சிரித்தது என் மகள். பிறகு அத்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மா சிரிக்கவில்லை. படியேறி அத்தையின் முழங்கையைப் பிடித்தாள், விடவில்லை.

அத்தை இத்தனை காலமும் வாயு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தின்றுகொண்டிருந்தாள். ஒரு ஸ்கேன் எடுத்ததில்லை. கோயிலில் காட்டுகிற வலியை டாக்டரிடம் காட்டுவார்களா? என் மகள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

"சோத்தோட ஒட்டுக்கா முழுங்கோணும் பாட்டி. முன்னாலயே முழுங்குனா வீண்."

"எண்ணெ இல்லாமச் சோறு எப்படிச் சாமி எறங்கும்?"

"எறங்கும். ரெண்டு வாரம் மொறைச்சுட்டு இருக்கும், அப்புறம் எறங்கிரும்."

மத்தியானம் சோறும், சுரைக்காய்ப் பொரியலும், தெளிந்த ரசமும். அத்தை அம்மாவுக்குத்தான் முதலில் பரிமாறினாள். பரிமாறிவிட்டு உட்காராமல் நின்றாள். அம்மா ரசத்தைப் பிசைந்து முதல் வாயை விழுங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகுதான் தனக்குத் தட்டு எடுத்தாள்.

சாப்பிடும்போது அம்மா புட்டிக் கதையைச் சொன்னாள்; சாப்பிட்டு முடித்ததும் நான் டாக்டரின் தாளைக் காட்டினேன். அத்தை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல அண்ணன் எது?"

மகள் நீலச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினாள். அத்தை அதன்மேல் கட்டைவிரலை வைத்தாள். எதையோ யோசித்தபடி அம்மாவிடம் கேட்டாள். "அந்த டீத்தண்ணிய எப்பங்க நிறுத்துனீங்க?"

"இவ கல்யாணத்துக்கு மறுநாள். நான்தான் ஊத்துனேன், அவரு நின்னு பாத்தாரு. பேரைத்தான் ஊத்த முடியல."

அத்தை தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "அடுத்த செவ்வாய்க்கிழமை நானே வாரேன்" என்றாள் அத்தை. "அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க. மொளகா செலவு மிச்சம்." வெளியே வந்து, பக்கத்து வீட்டுச் சுவரோரம் நின்றவளைக் கூப்பிட்டு, கேட்காமலேயே சொன்னாள். "ஏனுங்க, எங்கண்ணன் குடிச்சதே இல்லீங்களாமா." அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள். எங்களை ஏற்றிவிடப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்த அத்தை, வழியில் இன்னும் இரண்டு பேரிடம் அதைச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் பின்சீட்டு காலியாக இருந்தது. மகள் அம்மாவின் மடியில் தலையும் என் மடியில் காலுமாகப் படுத்தாள். கிணத்துக்கடவு தாண்டும்போதே தூங்கிவிட்டாள். மல்லாந்து, கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து. சட்டைப் பையில் எவர்சில்வர் டப்பா ஒவ்வொரு குலுக்கலுக்கும் கிலுகிலுத்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், உக்கடம் வரைக்கும்.